சூடாமணி அத்தைக்கு முன்னால் நின்றவள்

“நான் எந்தக் கடைக்குப் போனாலும் எனக்கு முன்னாடி ஒருத்தி நிக்கறாடீ.”

மூக்கால் இழுத்து, ‘ஒருத்தி’யில் ஓர் அழுத்தம் கொடுத்து, கடைசியில் பெருமூச்சு ஒன்றையும் கோத்துவிடுவாள் சூடாமணி அத்தை. கரமனை அக்கிரகாரத்தில் இதை அவள் மாதிரியே சொல்லிக் காட்டத் தெரியாத குழந்தை கிடையாது. ஏகாதசிப் பட்டினியில் குரலே எழும்பாத நாளிலும் இதற்கு மட்டும் எழும்பும்.

குறையில் பொய் இல்லை. பத்து வயதில் தாலி அறுத்தவள். சாலைக் கடைத்தெருவில் குற்றாலலிங்கம் பிள்ளையின் பலசரக்குக் கடை முன்னால், வருகிற சுமங்கலிகளுக்குச் சகுனம் கெடாமல் சாக்கு அடுக்கை ஒட்டி ஒதுங்கி நிற்பாள். ஒதுங்கி நிற்கிறவளை எந்தக் கடைக்காரன் முதலில் பார்ப்பான்? ஆனாலும் அத்தைக்கு வெளி உலகம் என்று இருந்தது அந்தக் கடை ஒன்றுதான். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிள்ளிப்பாலம் தாண்டிவிட்டால் அவளுக்கு நடையே வேறு.

அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. ஜெர்மன்காரன் இரண்டாம் தடவை சண்டை தொடங்கிய சமயம். அத்தை இருந்தது அண்ணா மகன் கல்யாணராமன் வீட்டில்; அவன் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. அவன் பெண்டாட்டி விஜயம் ராத்திரி சாதம் போடும்போது ஆரம்பித்தாள்.

“அத்தைக்குத் தடுமாத்தம் வந்தாச்சு, கேட்டேளா. மிளகு கேட்டா கடுகு வரது. இனிமே பக்கத்தாத்து சுப்புவை அனுப்பலாம்.”

கல்யாணராமன் மோரைக் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னான். “இந்தத் தடவை நீயும் கூடப் போய்ப் பாரு. ஒழுங்கா வாங்கினா அத்தையே போகட்டும். தடுமாறினா நிறுத்திடலாம்.”

அத்தை அடுக்களையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் காலையில் போனால், பழைய கடை அங்கே இல்லை. ஆறு மாசமாகப் பக்கத்துக் கொட்டகையில் வியாபாரம் நடத்திக்கொண்டே பிள்ளை அதை இடித்து மச்சு வைத்துக் கட்டியிருந்தார். தெருவில் நின்று கூப்பிட்டு வாங்குகிற வழக்கமும் போயிருந்தது.

“உள்ள வாங்கம்மா, உள்ள வாங்க. இப்போ கடைன்னா இப்படியாக்கும்,” என்று வாசலிலேயே கும்பிட்டார் பிள்ளை.

உள்ளே பட்டப்பகலில் விளக்கு எரிந்தது. தலைக்கு மேலே விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. புளி, வெல்லம், பெருங்காயம் எல்லாம் மூடி போட்ட ஜாடிகளுக்குள் இருந்தன; ஒரு பலசரக்குக் கடையில் ஒரு வாசனையும் இல்லை. தரை ஈரம்போல மின்னியது, கால் வைத்தால் காய்ந்திருந்தது. ஆட்கள் ஏனோ கோயிலில் பேசுகிற மாதிரி பேசினார்கள்.

பிள்ளை சுவரெல்லாம் நிலைக்கண்ணாடி பதித்திருந்தார். ஊரே அதைப் பேசியது, அத்தை காதிலும் விழுந்திருந்தது. ஆனால் அவளுக்குத் தெரிந்த கண்ணாடி உள்ளங்கை அகலம். அதையும் பத்து வயதில் பறித்துக்கொண்டுவிட்டார்கள். ஆள் உயரத்துக்குக் கண்ணாடி இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

கடைக் கோடியில் காவிப் புடவையில் ஒருத்தி நின்றாள்.

இங்கேயும் ஒருத்தி என்று அத்தை வழக்கப்படி ஒதுங்கினாள். அவளும் அதே சமயம் ஒதுங்கினாள்.

“நீ வாங்கிண்டு போடீ,” என்றாள் அத்தை. அவள் உதடும் அசைந்தது. சத்தம் வரவில்லை.

கிட்டே போனாள். முக்காட்டுக்குள் இருந்தது அம்மாவின் முகம்.

அம்மா மஞ்சளும் குங்குமமுமாகப் போனவள்; ஊரே விழுந்து கும்பிட்டு அனுப்பிய சுமங்கலி. அவளுக்கு யார் தலையை மழித்தார்கள்? யார் இந்தப் புடவையைக் கட்டினார்கள்?

“அம்மா, உனக்கு என்ன ஆச்சு?”

கையை நீட்டினாள். அவளும் நீட்டினாள். விரல் விரலில் பட்டது. கடைசி நாளில் அம்மாவின் நெற்றி இருந்த அதே ஜில்லிப்பு. பக்கத்தில் பார்த்தால் இன்னொரு அம்மா, அதற்கும் அப்பால் இன்னொருத்தி, வரிசையாக எல்லாரும் முக்காட்டோடு வாயைத் திறந்தபடி.

வரிசையின் ஓரத்தில், தனக்குப் பின்னால் நின்ற விஜயமும் கூடையோடு தெரிந்தாள். அப்போதுதான் அது கண்ணாடி என்று அத்தைக்குப் புரிந்தது. நாற்பது வருஷம் கழித்துத் தன்னைத் தானே நின்று பார்த்தாள்.

கடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. விற்கிற ஆள் திரவியம் மெல்ல, “அம்மைக்கு என்ன வேணும்?” என்றான்.

முதல் தடவையாக அவளை முதலில் கேட்டார்கள். அத்தை பிசகில்லாமல் எல்லாம் சொன்னாள், மிளகு உள்பட. ஆனால் விஜயம் முகம் இறுகியிருந்தது. அத்தை தெருவில் இறங்கின பிறகு, வாசலில் நின்று விஜயம் ஒருதரம் கடைக்குள் திரும்பிப் பார்த்தாள். அவள் கை சட்டென்று தாலிச் சரட்டைப் பிடித்தது. என்னத்தைக் கண்டாளோ, வீடு வரைக்கும் ஓட்டமும் நடையுமாகவே வந்தாள்.

வந்ததும் புருஷனிடம் ஆரம்பித்தாள். “அத்தை சுவரைப் பார்த்து அம்மான்னு அழறா. ஊரே பாத்தது. இனிமே சுப்புதான் போகணும். என்ன அத்தை, நான் சொல்றது பொய்யா?”

அத்தை கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“பொய்யில்லேடீ. இத்தனை வருஷமா எனக்கு முன்னாடி நின்னவ யாருன்னு இன்னிக்குத்தான் பாத்தேன். நான் தெருவுக்கு இறங்கின அப்புறமும் அவ அங்கேயே நின்னாளே, நீயும்தானே பாத்தே? நான் மாசாமாசம் போய் ஒருதரம் தலையைக் காட்டிட்டு வந்தா அவ அங்கேயே நிப்பா. நான் போகலேன்னா, என்னைத் தேடிண்டு அவ இந்த ஆத்துக்கு வருவா. எது சௌகரியம்னு நீயே பாத்துக்கோ.”