ஈ குத்திய பழம்

மாம்பழத்தை வெட்டுமுன் பத்து முறை திருப்பிப் பார்ப்பேன். வீட்டில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும், நான் பட்டது எனக்குத்தானே தெரியும்!

அப்போது எனக்கு ஒன்பது வயது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன மாமன், நைனாவையும் வரச்சொல்லி ஆள்மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார். "இந்த லோடு உள்ள பூட்ச்சின்னா நான் எங்கியும் போவல" என்று நைனா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவ்வளவுதான். மறுநாள் கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டரைப் பிடித்துக்கொண்டு, நானும் வருவேன் என்று ஒரே அழுகை. பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள்கூட மட்டம் போடவிடாத நைனா, அன்றைக்கு என்னைத் தூக்கி மேலே உட்காரவைத்தார்.

சித்தூர் பக்கத்து மாம்பழக்கூழ் ஃபேக்டரி வாசலில் பகல் முழுக்க வரிசை. வெயிலில் ஈக்கள் மொய்த்தன. நைனா ஒரு வேப்பங்கொத்தை ஒடித்துக் கொடுத்து, "ஓட்டிக்கினே இரு கண்ணு" என்றார். கை ஓய்ந்துபோகும் வரை ஓட்டினேன். நைனா எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூழ் வெளிநாட்டுக்குப் போவதால், ஒரு பழத்தில் புழு இருந்தாலும் லோடு மொத்தமும் திரும்ப வேண்டியதுதான். எங்களுக்கு முந்தைய டிராக்டர் கண்ணெதிரே திரும்பியது. நான் வேப்பங்கொத்தை இன்னும் வேகமாக வீசினேன்.

எங்கள் முறை. கத்தியோடு நின்றவர் என்னைப் பார்த்து, "பாப்பா, நுவ்வே ஒகட்டி தீ" என்றார். நானே ஒன்று எடுக்க வேண்டுமாம்! புரட்டிப் புரட்டிப் பார்த்து, அடிபடாத, தங்கமாக மின்னிய பழத்தை எடுத்தேன். காம்புக்குக் கீழே ஊசிமுனை அளவு ஒரு புள்ளி. மச்சம் மாதிரி அழகாகத்தான் இருந்தது.

"இது நல்லா கீதா நைனா?"

வாங்கிப் பார்த்தார். கட்டைவிரல் அந்தப் புள்ளிமேல் நின்றது. "புள்ள எடுத்ததே இருக்கட்டும் சார்."

வெட்டியதும் வெள்ளைப் புழுக்கள் துள்ளி விழுந்தன. "நான்தான் கெடுத்துட்டேன்" என்று கதறினேன். "ஈ குத்துனதுக்கு நீ இன்னா பண்ணுவ? அழாத" என்று நைனா தூக்கிக்கொண்டார். அடுத்த வாரம் பெங்களூர் பஸ் ஏறினார். நான்தான் அனுப்பிவிட்டேன் என்று எத்தனையோ வருடம் வெந்துகொண்டிருந்தேன்.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். காய் பறித்த அன்றே நைனா தோப்பில் பத்துப் பழம் அறுத்துப் பார்த்தாராம். எல்லாவற்றிலும் புழு. மரத்திலேயே ஈ குத்தி முட்டையிட்டிருக்கிறது. ஏதோ ஒரு நப்பாசையில் லோடு ஏற்றினாலும், பையில் துணிமணி அன்றைக்கே வைத்தாயிற்று.

அந்தப் பகல் முழுக்க நைனா என்னையே பார்த்தாரே, ஈயைச் சரியாக ஓட்டுகிறேனா என்று பார்க்கிறார் என்றல்லவா நினைத்தேன்.