ஜெயித்தவர் துவைக்க வேண்டும்

தெருக்கோடி வாலிபால் கிளப்புக்குச் செயலாளர் யாரென்று கேட்டால், எல்லோரும் டைலர் அக்காவைக் கைகாட்டுவார்கள். மைதானத்தைப் பெருக்குவது யார், வலை கட்டுவது யார், வியர்வை நாறும் ஜெர்சிகளைத் துவைப்பது யார் என்று கேட்டாலும் அதே பக்கம்தான் கை நீளும். சம்பளமில்லாத வேலையை இவ்வளவு பெருந்தன்மையோடு ஒருத்திக்கே விட்டுக்கொடுக்கும் கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பகலெல்லாம் தையல் மெஷின், சாயங்காலமானால் மைதானம். அவள் ஆடுவதற்காகத்தான் கிளப்பில் சேர்ந்தாள். வலையோரம் எம்பி அடித்தால் எதிரில் நிற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். செயலாளர் ஆன பிறகோ, காற்றடிக்க மட்டும்தான் பந்தைத் தொடுகிறாள். ஒரே ஒரு சாயங்காலம், எந்த வேலையும் இல்லாமல் ஒரு ஆட்டம். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அதற்காகவே மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு புதுத் திட்டம் போட்டாள். தோற்றவர்களிடம் வேலை சொன்னால் எரிந்து விழுவார்கள். ஜெயித்தவர்கள் குஷியில் எதற்கும் தலையாட்டுவார்கள். ஆகவே இனிமேல் ஜெயிக்கிற அணிதான் வலையைக் கழற்றி, ஜெர்சிகளை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைக்க வேண்டும். எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலின் லட்சணம் முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது. கடைசிக் கட்டத்தில் இரண்டு அணியும் சமம். பேக்கரிக்காரர் போட்ட சர்வீஸ் வலையிலேயே விழுந்தது. எதிரணி வேன் டிரைவர் அவரையே மிஞ்சினார். பந்தை மதிலுக்கு வெளியே அனுப்பினார். இரண்டு புள்ளி முந்தினால்தான் ஆட்டம் முடியும். முந்த ஆளில்லை. இருட்டிக்கொண்டு வந்தது.

பேக்கரிக்காரரின் முறை மறுபடி வந்தபோது அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னய்யா கூத்து இது?"

"கை வலிக்குதுக்கா," என்றார் அவர்.

"எனக்கும்தான்," என்றார் டிரைவர், கேட்காமலே.

"அப்ப நீங்க போய் உக்காருங்க," என்று பேக்கரிக்காரரை வெளியே அனுப்பிவிட்டு, செருப்பை உதறி அவர் இடத்தில் நின்றாள். சர்வீஸ் போட்டாள். திரும்பி வந்த பந்தை முழங்கால் முனக எம்பி அடித்தாள். டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்ததும் அப்படியே. ஆட்டம் முடிந்தது.

அப்பப்பா, என்ன சந்தோஷம்! மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே தன் அணியைத் திரும்பிப் பார்த்தாள். ஜெர்சிகள் தரையில் குவிந்து கிடந்தன. அணி கேட்டருகே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது.

"எங்க கிளம்பிட்டீங்க? வலையை யாரு கழட்டறது?"

"ஜெயிச்சது நீங்கதானேக்கா," என்றார் ஒருவர். "நாங்க தோக்கத்தானே பாத்தோம்!"

சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை. தானே வலையைக் கழற்றினாள்.

வீட்டில் கணவர் அவள் முகத்தையும் தோளிலிருந்த மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னாச்சு? திட்டம் பலிக்கலையா?"

"ஜெயிச்சுட்டேங்க," என்று சொல்லிவிட்டு, வாளியை நகர்த்திக் குழாயைத் திறந்தாள்.