அடி அண்ணாமலை வளைவுல சுடச்சுட சோறு

ஜிம் மாஸ்டர் வேலைல ரொம்ப கனமானது இரும்பு பிளேட்டு இல்லீங்க, சோத்துத் தட்டுதான். அதைத் தள்ளி வைங்கன்னு சொல்லிட்டு அவங்க மூஞ்சியைப் பாக்கணுமே! இட்லியைப் பாத்துப் பெருமூச்சு விடற அத்தனை பேருக்கும் இது புரியும்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, ஒரு மாடில என் ஜிம். போன வருஷம் மூணு பேரு ஒரே சமயத்துல சோறை நிறுத்தினாங்க. ஒருத்தருக்குத் தொப்பை பிரச்சினை, இன்னொருத்தருக்கு சுகரு. மூணாவது சங்கீதா, கீழ்பென்னாத்தூர் பொண்ணு, மல்லாட்டை, அதாங்க வேர்க்கடலை, பயிர் வைக்கிற குடும்பம். போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிட்டிருந்தா. வயசு வரம்பு முடியப் போகுது, இதை விட்டா அவளுக்கு வேற சான்ஸே கிடையாது.

லாட்ஜ்காரரும் வாளியும்

தணிகாசலம் லாட்ஜ் வெச்சிருக்காரு. காலைல கல்லாவுல உக்காந்தா ராத்திரிதான் எழுந்திருப்பாரு. அப்படிப்பட்டவருக்கு மூணு வேளையும் எதுக்குங்க சோறு? "மாவுச்சத்தை கம்மி பண்ணுங்க, முட்டை, கீரை, மீனு ஜாஸ்தி சாப்பிடுங்க, விடியக்காலைல கிரிவலப் பாதைல நடங்க"ன்னேன். அவருக்கு நல்லாவே ஒத்து வந்துச்சு. பேன்ட்டு லூஸானதும் மனுஷன் குஷியாயிட்டாரு.

ஒரு நாள் மூஞ்சி வெளுத்துப் போய் வந்து நின்னாரு. கிரிவலப் பாதைல அடி அண்ணாமலை ஊரு வளைவுல வெள்ளை வேட்டி கட்டின பெரியவரு ஒருத்தரு, கைல வாளி, "சூடா இருக்கு, வாங்க"ன்னு தொன்னையை நீட்டினாராம். இவரு டயட்டுன்னு சொல்லிக் கும்பிட்டுட்டு நாலடி வெச்சுத் திரும்பினா ஆளே இல்லையாம். நான் சிரிச்சேன். சோறை நிறுத்தின புதுசுல தலை கிறுகிறுன்னுதான் இருக்கும், நிறைய தண்ணி குடிங்கன்னேன். அவரு சிரிக்கல. "அது கிடக்கட்டும் மாஸ்டர், பௌர்ணமியும் இல்லாம, பொழுதும் விடியாம, யாரு அன்னதானம் போடறது?"ன்னாரு.

டீச்சரைக் கூப்பிட்ட பேரு

புஷ்பா டீச்சருக்கு சுகரு. மாத்திரை போடறவங்க டாக்டரைக் கேக்காம சோறை நிறுத்தக் கூடாது, சர்க்கரை கிடுகிடுன்னு இறங்கிடும்னு கண்டிச்சுச் சொன்னேன். கேட்டாங்க. டாக்டரு மாத்திரையைக் கொறச்சுட்டு சரின்னு சொன்னப்புறம்தான் ஆரம்பிச்சாங்க. அவங்க வர்றது லேடீஸ் பேட்சு. தணிகாசலம் யாருன்னே அவங்களுக்குத் தெரியாது.

விடியக்காலைல கிரிவலப் பாதைல நடந்துட்டு வந்து ஒரு நாள் சொன்னாங்க, அதே வளைவு, அதே வாளி. "வேணாம்னு சொன்னேன் சார். 'ஏன் பாப்பா, சாப்டியா?'ன்னு கேட்டாரு. என்னைப் பாப்பான்னு கூப்பிடறவங்க யாருமே இப்ப உயிரோட இல்ல சார்."

வீம்புக்குப் போனது

எனக்குக் கொஞ்சம் முன்கோபம். எவன்டா அது என் கஸ்டமருங்களை பயமுறுத்தறதுன்னு, வயிறு முட்ட இட்லி தின்னுட்டு விடியக்காலைல கிளம்பிப் போனேன். வளைவுல ஒரு ஈ காக்கா இல்ல. சரி, பாத்துடலாம்னு வீம்புக்கு நானும் சோறு, இட்லி எல்லாத்தையும் நிறுத்திட்டு, ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் போனேன்.

வளைவு வர்றதுக்கு முன்னாடியே நெய் ஊத்தின சாம்பார் சாதம் வாசனை. ஆளு இல்ல. மதில் மேல ஒரு தொன்னை மட்டும் இருந்துச்சு. தொட்டுப் பாத்தேன். கை சுட்டுடுச்சு. ஐயோன்னு எடுத்த ஓட்டம், டீக்கடை வந்துதான் நின்னேன். சோறை நிறுத்தினதை நான் ஒருத்தருகிட்டயும் சொல்லல. கடைக்கார அக்கா என் மூஞ்சியைப் பாத்தாங்க, நான் கேக்காமலே சர்க்கரை போடாத டீயை நீட்டினாங்க. "இன்னா மாஸ்டரு, நீங்களும் சோறை நிறுத்திட்டீங்களா?"ன்னாங்க. அதுக்கப்புறமும் பயத்துல நான் சோத்தைத் தொடல.

சங்கீதா ஓடினது

சங்கீதாவுக்கு எடை கொறைஞ்சுது. கூடவே வேகமும் கொறைஞ்சுது. பாதி ஓட்டத்துல காலு கல்லு மாதிரி ஆயிடுதுன்னு உக்காந்துடுவா. "ஏம்மா, லாட்ஜ்காரரு உக்காந்திருக்கறவரு, அவருக்கு அது சரி. நீ ஓடறவ. பெட்ரோல் போடாம வண்டி ஓடுமா? சோறு தின்னும்மா"ன்னு கெஞ்சினேன், கத்தினேன். "வெயிட்டு கம்மியானா வேகம் தானா வரும்னு போன் வீடியோல சொல்றாங்க மாஸ்டர்"ன்னு ஒரே பிடிவாதம். செலக்‌ஷன் நெருங்கிடுச்சு. இந்தப் பொண்ணு கண்ணெதிரே கோட்டை விடப் போறாளேன்னு எனக்கு மனசு ஆறல. வளைவு பத்தி மட்டும் அவகிட்ட மூச்சு விடல, பயந்துடுவா.

ஒரு நாள் காலைல கிரவுண்டுக்கு லேட்டா வந்தா. வந்தவ ஓடினா பாருங்க ஒரு ஓட்டம்! ஸ்டாப்வாட்சை நான் நம்பவே இல்ல. கிட்ட வந்தப்போ அவ கைல நெய் வாசனை. "சாப்டியா?"ன்னேன். "கிரிவலப் பாதைல ஓடிட்டு வர்ற வழில ஒரு பெரியவரு சோறு குடுத்தாரு மாஸ்டர், பசில வேணாம்னு சொல்ல வாய் வரல"ன்னு அழுதுட்டா. அன்னில இருந்து வீட்லயும் ஒழுங்கா சோறு தின்னா. செலக்‌ஷன்ல ஜெயிச்சுட்டா.

ஸ்வீட்டோட வந்தவளைப் பாத்து எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. கிளம்பறப்போ வாசல்ல நின்னு திரும்பினா. "உங்ககிட்ட சொல்லணும்னே இருந்தேன் மாஸ்டர். அன்னிக்கு காலித் தொன்னையை வாங்கிக்கிட்டு அந்தப் பெரியவரு கேட்டாரு, 'நீ சாப்ட்டுட்ட, உங்க மாஸ்டரு எப்பம்மா வருவாரு?'ன்னு."

சோறைக் கொறைக்கறது உங்களுக்கு ஒத்து வருமா வராதான்னு உங்க உடம்பையும் வேலையையும் பாத்து நான் சொல்லிடுவேன், ஆனா நான் மட்டும் இப்பல்லாம் ஒரு தட்டு சோறு தின்னு முடிக்காம வாசக்கதவைத் தொறக்கறதே இல்லீங்க.