ஐந்தில் ஒரு பங்கு ஆட்டம்

அறுபதாம் கல்யாணத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை என்பது பதினொரு வயதில் கால் பரபரக்கிறவர்களுக்குத்தான் தெரியும். திருக்கடையூரில் பெரியப்பாவும் பெரியம்மாவும் மாலையும் கழுத்துமாக மனையில் உட்கார்ந்திருந்தார்கள். மந்திரம் முடிவேனா என்றது. நான் பட்டுப்பாவாடைக்குள் கால்விரல்களை நீட்டி மடக்கி, எட்டு வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்துக்கொண்டிருந்தேன். அம்மா இரண்டு தடவை தொடையில் கிள்ளினாள். எண்ணுவது நிற்கவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, திருச்சியில் எங்களுக்கு மாநிலப் போட்டி. ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ், குழுப் பிரிவு. ஐந்து பெண்கள், ஐந்து பந்துகள், இரண்டரை நிமிடம். நான் எறிவதை இன்னொருத்தி பிடிப்பாள். அவள் எறிவது, நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் என் கைக்கு வந்து சேர வேண்டும். ஒருத்தி இல்லாவிட்டால் மற்ற நால்வரும் வெற்றிடத்துக்குப் பந்து வீச வேண்டியதுதான். நானோ கல்யாண வேலை என்று நான்கு நாளாகப் பயிற்சிக்குப் போகவில்லை.

பயிற்சி நடந்ததும் ஒரு கல்யாண மண்டபத்தில்தான். பந்தை உயர வீச அவ்வளவு பெரிய கூரை தஞ்சாவூரில் எங்கள் டீச்சருக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. ஊரெல்லாம் முகூர்த்தம் பார்த்து நாள் குறிக்கும்; டீச்சர் முகூர்த்தமில்லாத நாளாகப் பார்த்துக் குறிப்பார். ஆடியும் மார்கழியும் எங்களுக்குப் பொன்னான மாதங்கள்.

இதெல்லாம் வீட்டில் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. பெரியப்பா சொல்வதுதான் எங்கள் வீட்டில் சட்டம். டீச்சர் கொடுத்தனுப்பிய போட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த டிரஸ்ஸப் போட்டுக்கிட்டு நம்ம வீட்டுப் பொண்ணு நாலு பேரு முன்னாடி நிக்கிறதா?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அம்மா சரியென்று தலையாட்டினாள். அடுத்த சனிக்கிழமையே வலங்கைமானில் பஸ் ஏறி என்னைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனாள். கேட்டவர்களிடம் பரதநாட்டியம் என்றாள். தஞ்சாவூருக்குப் பரதநாட்டியம் படிக்கப் போகிற பெண்ணை யார் என்ன சொல்லப்போகிறார்கள்? சிங்கப்பூரில் இருந்த அப்பாவுக்கும் அதே பதில்தான். அண்ணனிடம் எதையும் மறைக்கத் தெரியாத தம்பி அவர்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது அத்தை வாயைத் திறந்தாள். "பாப்பாதான் நாட்டியம் கத்துக்குதே, ஒரு பாட்டுக்கு ஆடச் சொல்லேன்."

"அவளுக்குக் காய்ச்சல் அண்ணி" என்றாள் அம்மா.

"காய்ச்சக்காரியா பந்தியில மூணு ஜாங்கிரி தின்னா?"

"அபிராமி குடியிருக்குற ஊரும்மா, ஆடட்டும்" என்றார் பெரியப்பா. அதற்கு மேல் பேச்சில்லை.

எனக்கு ஒரு முத்திரைகூடத் தெரியாது. குட்டு வெளிப்பட்டால் ஞாயிற்றுக்கிழமை அவ்வளவுதான். அத்தை செல்போனில் அம்மன் பாட்டு ஒன்றைப் போட்டாள். எனக்குத் தெரிந்த ஒரே ஆட்டத்தை, அதில் என்னுடைய ஐந்தில் ஒரு பங்கை, ஆடத் தொடங்கினேன். இல்லாத பந்தைத் தோளில் உருட்டினேன். இல்லாத தோழிக்கு வீசினேன். மற்றவர்கள் ஆட வேண்டிய இடத்தில் எட்டு எண்ணும்வரை மண்டியிட்டு அசையாமல் இருந்தேன். பிறகு திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினேன். வந்து சேர வேண்டியது வரவில்லை. வந்ததுபோல் விரல்களை மூடிக்கொண்டேன்.

"பூத் தூவுறா பாரு" என்றாள் அத்தை. மண்டியிட்டபோது, "வரம் கேக்குறா." பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியப்பா தனக்குப் போர்த்திய சால்வையை எடுத்து எனக்குப் போர்த்தினார். அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை பெரியவர்களை ஒரே ஆளாக ஏமாற்றிவிட்டேனே!

ஊர் திரும்பும்போது வேனில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். லீவில் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவருக்குச் சாரம் கட்டும் வேலை. உயரத்தில் நின்றுகொண்டு பின்னால் கையை நீட்டினால் கீழே நிற்பவன் குழாயை அதில் வைக்க வேண்டும். பதினைந்து வருடமாக அதைச் செய்தவர். வெகுநேரம் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தவர், பெரியப்பாவுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"ஏம்மா, மத்த புள்ளைங்கள்லாம் எங்க நிப்பாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்தப் புள்ளைங்கப்பா? நான் மட்டுந்தான்."

அவர் என்னைப் பார்த்தார். "சரிம்மா" என்றார். மாட்டிக்கொள்ள இருந்து தப்பித்தேன் என்று அன்று எவ்வளவு குதூகலித்தேன்!

ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லி அம்மாவும் நானும் கிளம்பினோம். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தார். பஸ் நகர்ந்த பிறகும் நின்றுகொண்டிருந்தார். திருச்சியில் எங்கள் பந்து ஒருமுறைகூடக் கீழே விழவில்லை.

அதற்குப் பிறகு எட்டு வருடம் ஆடினேன், எத்தனையோ ஊர்களில். பேப்பரில் படம் வந்ததும் பெரியப்பாவே அதை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். அப்பாவின் லீவும் என் போட்டியும் மட்டும் அப்புறம் ஒருபோதும் ஒத்துவரவில்லை. நான் ஆடியதை அவர் நேரில் பார்த்தது திருக்கடையூரில் மட்டும்தான்.

என்னைப் பிடிக்கத்தான் அவர் அப்படிக் கேட்டார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். கூப்பிட்டால் வரத் தயாராக இருந்த ஒருவர் கேட்ட கேள்வி அது என்பது உறைத்தபோது, நான் ஆட்டத்தை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அவருக்கு விமானம் திங்கட்கிழமை ராத்திரிதான். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவருக்கு எந்த வேலையும் இருக்கவில்லை.