பூட்டு போட்ட பெட்டி

போன புயலில் முகாமுக்கு ஓடிய அவசரத்தில் மகளின் பம்பை வீட்டிலேயே விட்டுவிட்டோம். இளைப்பு வந்தால் வாயில் வைத்து உறிஞ்சுவாளே, அந்த மருந்து. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் பிள்ளைக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. எனக்கு உயிரே இல்லை. அதனால் இந்த மழைக்காலத்துக்கு முன்பே ஒரு பெயின்ட் பக்கெட்டில் டார்ச், தீப்பெட்டி, ரஸ்க், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எல்லாம் எடுத்து வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே புதுப் பம்பு.

கொஞ்ச நாளிலேயே டார்ச்சில் பேட்டரியைக் காணோம். வேறு யார் எடுப்பார்கள்? பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் என் ஓரகத்திதான். உப்பளத்தில் வேலை முடிந்து வந்தால் நேராக என் வீட்டுக்குள்தான் நுழைவாள். அவள் வீட்டு டிவி ரிமோட் மட்டும் எப்படி ஜோராக வேலை செய்கிறதாம்?

ஜாடையாகக் கேட்டேன். அவள் கொஞ்சமும் கூசவில்லை.

"நான்தான் கழட்டி வச்சிருக்கேன்க்கா. உப்புக்காத்துல டார்ச்சுக்குள்ளயே கெடந்தா பேட்டரி பொங்கிடும். கவர்ல சுத்தி எங்க வீட்ல வச்சிருக்கேன்."

நல்ல கதை! எங்கள் டார்ச்சுக்கு அவள் வீட்டில் பேட்டரியா? இன்றைக்குப் பேட்டரி, நாளைக்குப் பம்பு. பக்கெட்டை அப்படியே தூக்கி இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டேன். பார்க்கட்டுமே!

ஐப்பசி கடைசியில் ஆட்டோவில் மைக் கட்டிப் புயல் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். மத்தியானமே இருட்டிக் கரண்டும் போனது. ஈரக்காற்றில் மகளுக்கு நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்தது. ஓடிப் போய்ப் பூட்டில் சாவியைப் போட்டேன். திரும்பவில்லை. தேங்காயெண்ணெய் விட்டேன், அசையவில்லை. பேட்டரியைத் தின்கிற காற்று பூட்டை மட்டும் விட்டுவிடுமா? படுபாவிப் பூட்டு! அழுதுகொண்டே சுத்தியலைத் தேடினேன்.

பின்னால் வெளிச்சம் விழுந்தது. ஓரகத்தி தன் டார்ச்சோடு வந்து மகளை மடியில் சாய்த்து, இடுப்பிலிருந்து ஒரு பம்பை எடுத்து வாயில் வைத்தாள்.

"உறிஞ்சு கண்ணு, நல்லா உறிஞ்சு."

விசில் மெல்ல அடங்கியது. அவள் கையிலிருந்த பம்பை வாங்கிப் பார்த்தேன்.

"இது ஏது?"

"போன புயலப்போ உங்ககூட ஆஸ்பத்திரிக்கு வந்தேன்ல, அன்னிக்கே ஒண்ணு சேத்துக் கேட்டு வாங்கிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

என் கழுத்தில் தொங்கிய சாவியைப் பார்த்தாள்.

"சொன்னா அதையும் வாங்கிப் பூட்டிடுவியேக்கா."