லாரிக்காரர் ஈஸ்ட் பார்த்த காலம்

கல்யாணமான புதிதில் யாராவது அவளிடம், "வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டால், "ரோட்டுல" என்பாள். கேட்டவர்கள் திகைத்துப்போவார்கள். லாரி ஓட்டுகிறார் என்று அதற்குப் பிறகுதான் விளக்குவாள். விளக்கி விளக்கி அலுத்துப்போய், பின்னாளில் "வருவார்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

வருவார்தான். வந்து, குளித்து, சாப்பிட்டு, மகளைத் தோளில் உட்காரவைத்துத் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் படுத்தால் மறுநாள் மத்தியானம் வரை எழுப்ப முடியாது. எழுந்ததும் போன் வரும், அடுத்த லோடு தயார் என்று. அவள் சட்டைகளை மடித்துக் கொடுப்பாள், அவர் பையில் திணிப்பார். அவருக்கு டீயில் எவ்வளவு சர்க்கரை என்பது ஒவ்வொரு தடவையும் அவளுக்கு மறந்துபோகும். கட்டின புருஷனிடம் போய் அதைக் கேட்கவும் கூச்சமாக இருக்கும்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வீட்டுச் சுவர்கள் அவளை முறைத்துப் பார்ப்பதுபோல் இருந்தன. படித்து வாங்கிய உயிரியல் பட்டம் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தட்டி எழுப்பி, ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டைத்தான் ஆராய்ந்தார்கள். நடையில் கால் வைத்தாலே புளித்த மாவு வாசனை மூக்கில் ஏறும்.

ஈஸ்ட்டுக்கு உடம்பே ஒரு செல்தான். அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு மொட்டு முளைத்து, வளர்ந்து, பிரிந்து இன்னொரு ஈஸ்ட் ஆகும். மொட்டு வளரத் தேவையான சாமான் எல்லாம் தாய்ச் செல்லுக்குள்ளிருந்து பொடிப் பைகளாகப் போயாக வேண்டும். உள்ளே நூல்போல இழைகள் ஓடுகின்றன. அந்த இழைமேல், இரண்டு கால் முளைத்தாற்போன்ற ஒரு புரதம், பையைச் சுமந்துகொண்டு, பின்காலைத் தூக்கி முன்னால் வைத்து நடக்கிறது. மோட்டார் புரதம் என்று அதற்குப் பெயர். பைகளில் ஒளிரும் சாயம்போல ஒன்றைச் சேர்த்துவிட்டால் மைக்ரோஸ்கோப்பில் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். அதைப் படம்பிடித்து, மெதுவாக ஓட்டிப் பார்த்து, எந்தப் புள்ளி எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்று பின்தொடர வேண்டும். அதுதான் அவள் வேலை.

அவரிடம் ஒருமுறை இதையெல்லாம் சொன்னாள். அவர் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"லோடு ஏத்திட்டு நானும்தான் போறேன். என்னை வேடிக்கை பாக்க எவனும் ஆள் வைக்கலையே" என்றார்.

அப்படிப்பட்டவரைத்தான் ஒருநாள் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சரக்கு இறக்கும்போது லாரியின் பின்கதவு கழன்று விழுந்து கால் முறிந்துவிட்டது. தொடை வரை மாவுக்கட்டு. எலும்பு கூடும் வரை அந்தக் காலை ஊன்றக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதல் வாரம் தூங்கினார். அடுத்த வாரம் முழித்துக்கொண்டார், வீடு நரகமானது. நன்றாக இருந்த குழாயைப் பழுதுபார்த்துச் சமையலறையைக் குளமாக்கினார். ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற ஒவ்வொரு வண்டிக்காரனையும் திட்டினார். "கியரை மாத்துடா, அது அழுவுறது காதுல விழலையா?" மகள்கூட அம்மாவின் காதில், "அப்பா எப்பம்மா திரும்ப லோடுக்குப் போவாரு?" என்று கேட்டாள்.

ஆய்வுக்கூடத்தை நடத்திய மேடத்திடம் இதைச் சொல்லி அவள் கிட்டத்தட்ட அழுதுவிட்டாள். மேடம் சிரித்துவிட்டு, "இங்கே கூட்டிட்டு வாங்க. நாற்காலிக்கா பஞ்சம்?" என்றார்.

மறுநாள் ஊன்றுகோலோடு வந்தார். மைக்ரோஸ்கோப் இருந்தது ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில். பகலிலும் கும்மிருட்டு. கட்டுப்போட்ட காலை ஒரு அட்டைப்பெட்டிமேல் நீட்டி உட்காரவைத்து, திரையில் படத்தை ஓட்டினாள். பெரிய வட்டம், அதை ஒட்டிச் சின்ன வட்டம். பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பெரியதைக் கடந்து சின்னதுக்குள் நுழைந்தன.

"இதுதானா?" என்றார்.

"இதுதான்."

திரையை நோக்கிக் குனிந்தார். அப்புறம், "எல்லாம் ஒரே பக்கமாப் போகுதே, ஒன்வேயா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. இந்த மோட்டாருக்கு மொட்டுப் பக்கம் மட்டும்தான் நடக்கத் தெரியும். இன்னொண்ணு சொல்லட்டா? அது நடக்கிற இழை இருக்கே, அது மொட்டுல வளர்ந்து வளர்ந்து பின்னாடி நகர்ந்துட்டே இருக்கும்."

"என்னது, ரோடே பின்னாடி வருதா?"

"வருது."

"ரோடு பின்னாடி வர, இவன் முன்னாடி போறானா?"

"ரோட்டைவிட வேகமா நடக்கிறான். அதனால போய்ச் சேர்ந்துடுறான்."

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "யோவ், நீ பெரிய ஆளுய்யா" என்றார் மெதுவாக. தன்னிடம் பேசவில்லை என்பது அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

அன்றிலிருந்து தினமும் வந்தார். வேடிக்கை பார்த்தவர் சீக்கிரமே வேலையில் சேர்ந்துகொண்டார். அவர் புள்ளியைக் கண்ணால் துரத்திச் சொல்ல, அவள் கணினியில் குறித்துக்கொண்டாள். பாதி வழியில் நின்றுவிடும் புள்ளிகளுக்கு "மச்சான்" என்று பெயர் வைத்தார். அவளுடைய அண்ணன், எங்கே கிளம்பினாலும் வாசலைத் தாண்ட அரை நாள் எடுப்பவர். "உங்க அண்ணன் மறுபடியும் நின்னுட்டான், எழுதிக்கோ." அவளுக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும். ஆய்வு மாணவர்களும் "அக்கா, இதுல நிறைய மச்சான் இருக்கு" என்று சொல்லப் பழகிவிட்டார்கள்.

மேடம் வளர்த்த ஒரு வகை ஈஸ்ட்டில், சூடுபடுத்தினால் மோட்டார் வேலைநிறுத்தம் செய்துவிடும். முதல்தடவை அதை அவர் பார்த்தபோது, சுறுசுறுப்பாகப் போய்க்கொண்டிருந்த புள்ளிகள் சட்டென்று வழிதெரியாமல் தாய்ச் செல் முழுக்கச் சிதறின. மொட்டு இருண்டது.

"அந்தப் பக்கம் ஒண்ணுமே போகலையே" என்றார்.  "சின்னது என்ன பண்ணும்?"

"வளராதுங்க."

"நிறுத்து. எனக்கு இதைப் பாக்க வேண்டாம்."

ஈஸ்ட் வளரக் காத்திருக்கும் நேரங்களில் இருவரும் நடையில் பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ குடிப்பார்கள். அங்கேதான் பேசினார்கள். பனிமூட்டத்தில் ரோடு தெரியாமல், மகள் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே மலையிறங்கிய கதையைச் சொன்னார். அவர் இல்லாத நாட்களிலும் கை தவறி அவருக்கும் சேர்த்துச் சமைத்துவிட்டு, மறுநாளும் அதையே தின்ற கதையை அவள் சொன்னாள். "சொல்லவே இல்லையே" என்றார். "எப்பச் சொல்றது?" என்றாள். சர்க்கரை அளவு அதற்குள் கைக்குப் பழகியிருந்தது.

எலும்பு நன்றாகக் கூடிவிட்டதாக டாக்டர் சொன்ன அன்று அவர் குழந்தைபோலச் சிரித்தார்.  கட்டைப் பிரித்த வாரமே, ஊருக்குள் இருந்த ஒரு கிடங்கில் மேற்பார்வை வேலை இருப்பதாக அவளுடைய அண்ணன் வந்து சொன்னார். காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம்.

"எடுத்துக்கோங்களேன்" என்றாள். அதுவரை அவரிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

அவர் ஊன்றுகோலை மூலையில் சாய்த்துவைத்தார். "ஒரே இடத்துல நின்னா எனக்கு மூச்சு முட்டும்மா. உனக்குத் தெரியாததா?"

"ஆய்வுக்கூடத்துல உக்காந்திருந்தீங்களே?"

"அது வேற."

 அவள் சட்டைகளை மடித்துக் கொடுத்தாள். லாரி தெருமுனை திரும்பியதும் வேலைக்குப் போய், இருட்டறையில் அந்த அட்டைப்பெட்டியை மடித்துக் குப்பையில் போட்டாள். அன்று பார்த்த படங்களில் பாதியைத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது.

காலம் ஓடியது. புள்ளிகளைப் பின்தொடரக் கணினியே போதும் என்றானது. அவள் புதியவர்களுக்கு மைக்ரோஸ்கோப் பழக்கினாள், பிறகு ஓய்வு பெற்றாள். முழங்கால் ஒத்துழைக்காமல் அவரும் லாரியை விட்டு இறங்கினார். எந்நேரமும் வீட்டிலேயே இருக்கும் மனுஷனோடு அவளுக்கு இப்போது நாளுக்கு நாலு சண்டை. இருந்தும், பழைய நாளை நினைத்தால் அந்த மாவுக்கட்டு மாதங்கள்தான் முதலில் வந்து நிற்கின்றன. புளித்த மாவு வாசனை, இருட்டில் அவருடைய மூச்சு, "அதோ அந்த ஓரத்துல ஒருத்தன்" என்று திரையைத் தொட்ட விரல்.

போன மாதம் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. கட்டில், அலமாரி, புத்தகங்கள் எல்லாவற்றையும் ஏற்ற வாடகைக்கு ஒரு வேன் எடுத்து, முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு அவரே ஓட்டினார். இறக்கி வைத்து, மகளின் புதுவீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, இருவர் மட்டும் திரும்பினார்கள். அவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து அவள் இவ்வளவு தூரம் போனது அதுதான் முதல்முறை. அவர் வளைவுகளில் ஸ்டியரிங்கை உள்ளங்கையால் தேய்த்துத் திருப்பும் அழகை அவள் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அந்தக் கிடங்கு வேலையை எடுத்திருக்கலாமோன்னு எப்பவாவது தோணியிருக்கா?" என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். முன்னால் போன பஸ்ஸைத் தாண்டினார்.

"நிறைய தடவை. ஆனா எடுத்திருந்தா உன் மேலதான் எரிஞ்சு விழுந்துட்டு இருந்திருப்பேன்."

"இப்ப மட்டும் என்னவாம்?"

அவர் சிரித்தார். வெயில் சாய்ந்து அவள் பக்கம் அடித்தது. அவர் ஒரு கையை நீட்டி, அவளுக்கு முன்னால் கண்ணாடிக்கு மேலிருந்த வெயில் மறைப்பை இறக்கிவிட்டார்.