ஆட்டுக்கு உயிர் இல்லை என்று ஒரு கடிதம்

ஜெர்மனியின் தெற்கில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். என் மகளின் கிண்டர்கார்டனில் பஞ்சு அடைத்த செம்மறியாடு ஒன்று உண்டு. முறை வைத்து ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் அது விருந்துக்குப் போகும். அதற்கென்று ஒரு பை, பைக்குள் ஒரு பல் பிரஷ், ஒரு நாட்குறிப்பு, ஒரு பக்கத்துக்கு விதிமுறைகள். ஆடு மாலை ஏழு மணிக்குத் தூங்க வேண்டும். அப்போது வீட்டில் சத்தம் கூடாது. அன்றன்று நடந்ததை நாட்குறிப்பில் எழுதிப் படம் ஒட்ட வேண்டும்.

கோடை விடுமுறைக்குச் சீட்டுக் குலுக்கியபோது ஆடு எங்களுக்கு விழுந்தது. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஐந்து வயது மகள், இரண்டு வயது மகன், நான், ஆடு என்று நான்கு பேராகத் திருவனந்தபுரத்துக்கு வந்து இறங்கினோம்.

வலியசாலை அக்ரஹாரத்தில் என் அண்ணா வீடு. அண்ணா அரசு அலுவலகத்தில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுத்தில் இருக்கும் எதையும் அவரால் மீற முடியாது. நான் விதிமுறைகளைத் தமிழில் சொல்லச் சொல்ல, வரிசை எண் போட்டு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். அன்று முதல் ஏழு மணிக்கு டிவி அணைந்தது. "ஆடு தூங்கறது, குக்கர் வைக்காதே" என்று மன்னியிடம் சொல்லிவிட்டார். மன்னி ஆறே முக்காலுக்குள் சமையலை முடித்துவிட்டு, கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தாள். அது பொம்மை என்பது நாலைந்து நாளில் எங்கள் எல்லோருக்குமே மறந்து போயிற்று.

அது கர்க்கடகம், மலையாளத்து ஆடி மாதம். தெருக்கோடிக் கோயிலில் மாலை ஏழு மணிக்கு ராமாயணம் வாசிப்பார்கள். ஸ்பீக்கர் எங்கள் ஜன்னலைப் பார்த்துத்தான் இருந்தது. ஒரு நாள் மகள் ஆட்டின் காதுகளைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அண்ணா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"சொல்லியாச்சு" என்றார், திரும்பி வந்ததும். "நம்மாத்துக்கு ஒரு ஆடு வந்திருக்கு, ஏழு மணிக்குத் தூங்கும், ஸ்பீக்கரைக் கொஞ்சம் திருப்பி வெச்சா உபகாரமா இருக்கும்னேன்."

"பொம்மைன்னு சொன்னியாண்ணா?"

அண்ணா சற்று யோசித்தார். "அதை அவா கேக்கலையே."

ஸ்பீக்கர் அப்படியேதான் இருந்தது. அக்ரஹாரத்தில் ஒரு வீட்டில் ஆடு வளர்க்கிறார்கள் என்ற செய்தி மட்டும் தெரு முழுக்கப் பரவியது. போதாக்குறைக்கு, என் மகன் அக்காவிடம் கற்றுக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சாயங்காலம் முழுக்க "ம்மே" என்று கத்தினான். ஜெர்மன் ஆடும் நம்மூர் ஆடும் கத்துவதில் வித்தியாசம் இல்லை. காலையில் பால்காரர் மன்னியிடம், "இனி பாலு வேண்டாம், அல்லே மாமி?" என்று வருத்தத்தோடு கேட்டார்.

அதற்கு இரண்டாம் நாள் தெரு அசோசியேஷன் செக்ரட்டரி கையில் புகார் ஃபைலோடு வந்தார்.

"சாரே, ஒரு பராதி வந்திருக்கு. எழுத்துல. அக்ரஹாரத்துல ஆடு வளக்கப்படாதுன்னு பைலாவுல இருக்கு, கேட்டேளா."

அண்ணாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்படி ஒரு விதி இருப்பது அவருக்குத் தெரியாது. நான் உள்ளே ஓடி ஆட்டைத் தூக்கி வந்தேன். செக்ரட்டரி கண்ணாடி போட்டுக்கொண்டு ஆட்டைத் திருப்பிப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"இது பொம்மையாக்கும்."

"ஆமா" என்றார் அண்ணா.

"அப்புறம் என்ன மாமா, விட்டுடலாமே" என்றேன்.

"அதெப்படி? எழுதி வந்த பராதிக்கு எழுதித்தான் பதில் சொல்லணும்."

"அதுதான் முறை" என்றார் அண்ணா. அவருக்கு உயிர் வந்தது போலிருந்தது. இரண்டு பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அடித்துத் திருத்தி, லெட்டர்ஹெட்டில் மலையாளத்தில் எழுதி முத்திரை குத்தினார்கள். நேரில் பரிசோதித்ததில், புகாரில் கண்ட ஆட்டுக்கு உயிர் இல்லை என்று தெரிய வந்தது, மேல்நடவடிக்கை தேவையில்லை. எங்களுக்கு ஒரு நகல் தந்தார். அன்றைக்கு நடந்தது அதுதான் என்று சொல்லி, மகள் அதை நாட்குறிப்பில் ஒட்ட வைத்தாள்.

விடுமுறை முடிந்து முதல் நாள், குழந்தைகளை வட்டமாக உட்கார வைத்து டீச்சர் நாட்குறிப்பைப் புரட்டினார். முத்திரையைப் பார்த்ததும் நின்றார். "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று என்னைக் கேட்டார். எனக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. யோசிக்காமல் வார்த்தைக்கு வார்த்தை ஜெர்மனில் சொல்லிவிட்டேன். ஒரு பெண் குழந்தை அழத் தொடங்கியது. கூடவே மற்றவர்களும்.

மாலைக்குள் மூன்று அம்மாக்கள் போன் செய்தார்கள். ஒருவர் மிகவும் தணிந்த குரலில், "ஆடு எதனால் இறந்தது? அடக்கம் செய்ய வேண்டும் என்று எங்கள் பையன் தோட்டத்தில் குழி தோண்டுகிறான்" என்றார். அதற்கு எப்போதுமே உயிர் இருந்ததில்லையே என்றேன். "அதை அவனிடம் நான் எப்படிச் சொல்வது?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். மாறாக, ஏதோ கொலை செய்துவிட்டவள் போல வியர்த்தது.

மறுநாள் டீச்சர் தனியே அழைத்தார். நான் வாயால் என்ன சொன்னாலும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள் என்றார். அந்த அலுவலகமே திருத்திக் கடிதம் தர முடியுமா என்று கேட்டார். நான் அண்ணாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"ரிவிஷன் பெட்டிஷன் போடணும். நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு, உயிர் இருக்குன்னு எழுதி வாங்கிட்டா இனிமே அதை இங்க அழைச்சுண்டு வர முடியாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன்.

மூன்றாம் நாள் போனுக்குக் கடிதத்தின் படம் வந்தது. அதே லெட்டர்ஹெட், அதே முத்திரை. மறுபரிசீலனையில், மேற்படி ஆடு பூரண ஆரோக்கியத்துடன் இருப்பது உறுதி செய்யப்படுகிறது. டீச்சர் அதைப் பெரிதாக அச்செடுத்து, நான் எழுதித் தந்த மொழிபெயர்ப்பை எழுந்து நின்று வாசித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். குழி தோண்டிய பையனுக்கு அந்த வாரம் ஆட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். அவன் அதை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.